லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் ஹெடரும் ஃபூட்டரும்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

பிராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை என்று எதை எடுத்தாலும் பெரும்பாலான பக்கங்கள் நெட்டுவாக்கில்தான் இருக்கும். அகலமான அட்டவணையோ வரைபடமோ வரும் சில பக்கங்களை மட்டும் குறுக்குவாக்கில் (லேண்ட்ஸ்கேப்) போட வேண்டியிருக்கும். வேலை கெட்டுப்போவது அந்தச் சில பக்கங்களில்தான். வலது ஓரத்தில் இருந்த தலைப்பு பக்கத்தின் பாதியிலேயே நின்றுவிடும். பைண்டிங் முடிந்து கைக்கு வந்ததும் பார்த்தால் தலைப்பு தையலுக்குள் போயிருக்கும், பக்க எண் வெளி விளிம்பில் படுத்துக் கிடக்கும்.

வேர்டில் இதைச் சரிசெய்ய இரண்டே விஷயம் புரிந்தால் போதும். மேல் ஓரத்தில் வரும் ஹெடரும் அடி ஓரத்தில் வரும் ஃபூட்டரும் பக்கத்துக்குச் சொந்தமானவை அல்ல, கோப்பின் ஒரு பகுதியான செக்‌ஷனுக்குச் சொந்தமானவை. இது முதலாவது. திரையில் பார்ப்பதற்கும் தைத்த புத்தகத்தில் பார்ப்பதற்கும் 'மேல்' என்பது ஒன்றல்ல. இது இரண்டாவது. முதலாவதைப் பலர் எப்படியோ தட்டித் தடவிக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

விளக்குவதற்கு ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 'காவிரி டெல்டாவில் குறுவைச் சாகுபடி' என்பது தலைப்பு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வேளாண்மையோ பொருளாதாரமோ புவியியலோ படிக்கும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் எழுதும் பொருள்தான். அதில் மேட்டூர் அணை அட்டவணை ஒன்று கட்டாயம் இருக்கும். வழக்கப்படி அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஜூன் முதல் ஜனவரி வரை மாதத்துக்கு ஒரு கட்டம் என்றால் 8 கட்டம். அதோடு வரிசை எண், ஆண்டு, திறந்த தேதி, திறந்த அன்று இருந்த நீர்மட்டம் ஆகிய 4 சேர்ந்தால் மொத்தம் 12.

ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். பைண்டிங்குக்காக இடது ஓரம் 3.81 செ.மீ., அதாவது ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் 2.54 செ.மீ. என்று விடுவது பல கல்லூரிகளின் வழக்கம். அப்படி விட்டால் எழுத்துக்கு மிஞ்சும் அகலம் 14.65 செ.மீ. அதை 12ஆகச் சமமாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 1.2 செ.மீ. தான் வரும். 12.06.2023 என்ற தேதியை 10 புள்ளி (பாயிண்ட்) அளவில் அடித்தால்கூட அந்த அகலத்துக்குள் அடங்காமல் இரண்டு வரியாக உடையும். தாளைக் குறுக்கே போட்டால் 24.62 செ.மீ. கிடைக்கிறது. கட்டத்துக்கு 2 செ.மீ.க்குச் சற்று மேல். தேதி ஒரே வரியில் உட்காரும். எழுத்தை 6 புள்ளிக்குச் சுருக்குவதும், அட்டவணையைப் படமாக்கித் திருப்பி ஒட்டுவதும் வேண்டாம். முதலாவதை யாராலும் படிக்க முடியாது. இரண்டாவதில் ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமென்றாலும் படத்தைப் புதிதாக எடுக்க வேண்டும்.

செக்‌ஷன் என்றால் என்ன

வேர்டில் ஓரம், தாளின் திசை, ஹெடர், ஃபூட்டர், பக்க எண் முறை எல்லாம் செக்‌ஷன் கணக்கில் சேமிக்கப்படுகின்றன. புதிதாகத் திறந்த கோப்பு முழுவதும் ஒரே செக்‌ஷன். அதனால்தான் லேஅவுட்டில் போய் லேண்ட்ஸ்கேப் என்று கொடுத்தால் எல்லாப் பக்கமும் ஒன்றாகத் திரும்பிவிடுகிறது. நடுவில் ஒரு பக்கம் மட்டும் திரும்ப வேண்டுமென்றால் கோப்பு மூன்று செக்‌ஷனாக வேண்டும்: அட்டவணைக்கு முன்னால் உள்ளது, அட்டவணை, பின்னால் உள்ளது.

அட்டவணைக்கு முந்தைய பத்தியின் முடிவில் கர்சரை வைத்து லேஅவுட், பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ் என்று கொடுங்கள். அட்டவணை முடிந்த இடத்தில் இன்னொன்று. வெறும் பேஜ் பிரேக் (கண்ட்ரோல், என்டர்) பக்கத்தை மட்டும்தான் உடைக்கும், செக்‌ஷனை உடைக்காது. இரண்டும் ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருப்பதால் மாறிவிடுவது சகஜம். பிறகு அட்டவணைக்குள் க்ளிக் செய்து ஓரியண்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்கினால் அந்த செக்‌ஷன் மட்டும் திரும்பும்.

எந்த செக்‌ஷனில் நிற்கிறோம் என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது. கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் வலது க்ளிக் செய்து 'செக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கர்சர் இருக்கும் செக்‌ஷனின் எண் எப்போதும் கண்ணில் படும். ஹோம் டேபில் பத்திக் குறி பட்டனை அழுத்தினால் பிரேக் போட்ட இடமெல்லாம் புள்ளிக் கோடாகத் தெரியும். இந்த இரண்டையும் ஆன் செய்யாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அந்தப் புள்ளிக் கோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு செக்‌ஷனின் அமைப்புகள் அனைத்தும் அதன் முடிவில் உள்ள பிரேக்குக்குள்தான் இருக்கின்றன. பிரேக்கை அழித்தால் அதற்கு மேலே உள்ள எழுத்து, கீழே உள்ள செக்‌ஷனின் அமைப்பை வாங்கிக்கொள்ளும். அட்டவணைக்கு முன்னால் உள்ள பிரேக்கை டெலீட் செய்தால் முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறுக்கே படுத்துவிடும். 'நான் ஒண்ணுமே பண்ணலண்ணா, எல்லாம் திரும்பிடுச்சு' என்று டிடிபி சென்டரில் வந்து நிற்கும் மாணவருக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். பதறாமல் கண்ட்ரோல், இசட் அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

லிங்க் டு ப்ரீவியஸ்

செக்‌ஷனைப் பிரித்த மாத்திரத்தில் ஹெடர் பிரிந்துவிடாது. புதிய செக்‌ஷன் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய செக்‌ஷனின் ஹெடரையே காட்டும். லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் மேல் ஓரத்தில் இரட்டைக் க்ளிக் செய்து பாருங்கள். இடப்பக்கம் எந்த செக்‌ஷனின் ஹெடர் என்றும், வலப்பக்கம் 'சேம் அஸ் ப்ரீவியஸ்' என்றும் சின்னச் சின்னச் சீட்டுகள் தெரியும். அது தெரியும் வரை அங்கே நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் முதல் அத்தியாயத்தின் தலையிலும் மாறும். ஹெடர் டேபில் 'லிங்க் டு ப்ரீவியஸ்' பட்டனை அணைத்தால் இணைப்பு அறும். ஏற்கெனவே இருந்த எழுத்து மறைந்துவிடாது, தனிப் பிரதியாக அங்கேயே நிற்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டாம் செக்‌ஷனை மட்டும் துண்டித்துவிட்டு வேலையை ஆரம்பித்தால், மூன்றாவது இன்னும் இரண்டாவதோடுதான் இணைந்திருக்கும். வாய்க்கால் முறைதான் இது. தலைமதகை அடைத்துவிட்டு நடுவில் தண்ணீர் விட்டால் அது கடைமடைக்குத்தான் போகும். அட்டவணைப் பக்கத்தில் செய்த மாற்றம் அடுத்த அத்தியாயம் முழுக்க இறங்கிவிடும். ஆகவே முதலில் இரண்டாவது, மூன்றாவது இரண்டிலும் லிங்கை அணையுங்கள். அதன் பிறகு ஹெடரைத் தொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

ஹெடருக்கு ஒரு லிங்க், ஃபூட்டருக்கு ஒரு லிங்க், இரண்டும் தனித்தனி. ஹெடரில் அணைத்தால் ஃபூட்டரில் அணைந்ததாகாது. கீழே இறங்கி அங்கேயும் அணைக்க வேண்டும். இன்னொன்று, லிங்க் எப்போதும் உடனே முன்னால் இருக்கும் செக்‌ஷனோடு மட்டும்தான். அறிக்கையின் பின்பகுதியில் இன்னொரு லேண்ட்ஸ்கேப் அட்டவணை வந்தால், இரண்டாம் செக்‌ஷனின் ஹெடரோடு நேராக இணைக்க வழியில்லை. அங்கிருந்து காப்பி செய்து வந்து ஒட்ட வேண்டியதுதான்.

தலைப்பு ஏன் பாதியில் நிற்கிறது

ஹெடரில் இடப்பக்கம் அறிக்கையின் பெயர், வலப்பக்கம் அத்தியாயத்தின் பெயர் என்று போட டேப் விசையை அழுத்துகிறோம். வேர்டின் ஹெடர் ஸ்டைலில் இரண்டு டேப் நிறுத்தங்கள் முன்கூட்டியே உண்டு. ஒன்று நடுவுக்கு, ஒன்று வலது ஓரத்துக்கு. ஏ4 அமைப்பில் அவை 7.96 செ.மீ., 15.92 செ.மீ. தூரத்தில் இருக்கும். நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்ட நெட்டுத் தாளுக்குப் போட்ட கணக்கு அது. தூரம் இடது ஓரத்திலிருந்து அளக்கப்படுகிறது. தாள் திரும்பி எழுத்தகலம் 24.62 ஆனாலும் நிறுத்தம் 15.92இலேயே இருக்கும். அத்தியாயத்தின் பெயர் பக்கத்தின் நடுவைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நிற்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளுவது தீர்வாகாது. எழுத்துரு மாறினாலும் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் நகர்ந்துவிடும். லிங்கை அணைத்த பிறகு லேண்ட்ஸ்கேப் ஹெடரில் நின்று, ரூலரில் நடு நிறுத்தத்தை 12.31க்கும் வலது நிறுத்தத்தை 24.62க்கும் இழுத்துவிடுங்கள். அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. ஹெடர் டேபில் 'இன்சர்ட் அலைன்மென்ட் டேப்' என்று ஒன்று உண்டு. வேர்டு 2007இலிருந்தே இருக்கிறது, ஆனால் யாரும் அதன் பக்கம் போவதில்லை. அதில் 'ரைட்', 'மார்ஜின்' என்று தேர்ந்தெடுத்தால் எழுத்து எண்ணளவில் நிற்காமல் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தாள் எந்தத் திசையில் திரும்பினாலும் ஓரம் போகும் இடத்துக்கு அதுவும் போகும். முதல் செக்‌ஷனிலேயே சாதாரண டேப்பை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிட்டால், லிங்கைக்கூட அணைக்காமல் எல்லாப் பக்கமும் ஒழுங்காக வரும்.

திரையில் மட்டும் படிக்கப்போகும் பிடிஎஃப் என்றால் வேலை இதோடு முடிந்தது. படிப்பவர் லேண்ட்ஸ்கேப் பக்கத்தை அப்படியே அகலமாகப் பார்ப்பார். தலைப்பு நீண்ட மேல் ஓரத்தில் இருப்பதே அவருக்கு வசதி. அங்கே எதையும் சாய்க்காதீர்கள்.

தைத்த புத்தகத்தில் 'மேல்' எது

அறிக்கை பைண்டிங்குக்குப் போகிறது என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு ஏ4 தாளை எடுத்து மேசையில் குறுக்கே வையுங்கள். மேல் ஓரத்தில் 'தலைப்பு', கீழ் ஓரத்தில் 'எண்' என்று பென்சிலால் எழுதுங்கள். இப்போது அந்தத் தாளைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக ஒரு கால்வட்டம் திருப்புங்கள். புத்தகத்துக்குள் அது உட்காரும் கோலம் இதுதான். 'தலைப்பு' இடப்பக்கம், தையலை ஒட்டிப் போய்விட்டது. 'எண்' வலது விளிம்பில் செங்குத்தாக நிற்கிறது. மற்ற எல்லாப் பக்கத்திலும் தலைப்பு உச்சியிலும் எண் அடியிலும் இருக்க, இந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. பொருளடக்கத்தில் எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கங்களின் அடி ஓரத்தை விரலால் தள்ளித் தேடுபவருக்கு இந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது.

தாளின் மேல் விளிம்பைத் தையல் பக்கம் வைப்பதுதான் பொதுவான மரபு. படிப்பவர் புத்தகத்தை வலப்பக்கமாக ஒரு கால்வட்டம் திருப்பிப் படிப்பார். ஆகவே நமக்கு வேண்டியது, புத்தகத்தில் நேராகத் தெரியும் தலைப்பும் எண்ணும். கையில் இருக்கும் தாளை மறுபடி குறுக்கே திருப்பிப் பாருங்கள். புத்தகத்தின் உச்சியாக இருந்தது இப்போது லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் வலது ஓரம். புத்தகத்தின் அடியாக இருந்தது இடது ஓரம். தலைப்பு வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக வாசிக்கும்படி சாய்ந்திருக்க வேண்டும். பக்க எண் இடது ஓரத்தில், அதே சாய்வில். இதைத் தாளில் ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்குப் பிறகு குழப்பமே வராது. மனசுக்குள்ளேயே சுழற்றிப் பார்ப்பவர்கள்தான் வலமும் இடமும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ஓரங்களும் இதன்படியே அமைய வேண்டும். தையல் விளிம்பு லேண்ட்ஸ்கேப்பில் மேலே வருவதால் 3.81 செ.மீ. மேல் ஓரத்துக்கு, மற்ற மூன்றுக்கும் 2.54. தாளைத் திருப்பும்போது வேர்டு ஓரங்களையும் தானாக மாற்றும். நாம் நினைத்தபடி மாறியதா என்று பேஜ் செட்டப்பைத் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைச் சாய்ப்பது

ஹெடரில் அடித்த எழுத்தை நேரடியாகச் சாய்க்க வேர்டில் வழியில்லை. டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்று வேண்டும். அந்தப் பெட்டியின் நங்கூரம் (ஆங்கர்), அதாவது அது கட்டப்பட்டிருக்கும் இடம், ஹெடருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த செக்‌ஷனின் ஒவ்வொரு பக்கத்திலும் அது தானாக வரும். ஹெடருக்குள் செருகிய பெட்டி ஹெடர் இருக்கும் பகுதியிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளின் எந்த மூலைக்கும் நகர்த்தலாம். இது பலருக்குத் தெரியாது. இந்த வேலை முழுவதும் நிற்பது இதன் மேல்தான்.

லிங்குகளை எல்லாம் அணைத்தாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, லேண்ட்ஸ்கேப் ஹெடரைத் திறந்து அதில் உள்ள எழுத்தை வெட்டி எடுங்கள். கர்சர் ஹெடரிலேயே இருக்க, இன்சர்ட், டெக்ஸ்ட் பாக்ஸ், ட்ரா என்று போய் வலது ஓரத்தில் ஒரு பெட்டி வரையுங்கள். ஷேப் ஃபார்மேட் டேபில் 'டெக்ஸ்ட் டைரக்‌ஷன்' உண்டு, அதில் 90 டிகிரி சுழற்சி. 270 வேண்டாம், அது புத்தகத்தில் தலைகீழாகத் தெரியும். இப்போது வெட்டிய எழுத்தை ஒட்டுங்கள். பெட்டியின் கோட்டையும் நிறத்தையும் எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் வேர்டு தானாக விடும் சிறு இடைவெளிகளையும் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் அளவு பிசகும்.

இடத்தைக் கையால் இழுத்து வைக்காமல் எண்ணால் சொல்லுங்கள். பெட்டியின் அகலம் 1 செ.மீ., உயரம் 14.65 செ.மீ. நெட்டுப் பக்கத்தின் எழுத்தகலம்தான் இங்கே உயரமாகிறது. நெட்டுப் பக்கத்தில் ஹெடர் தாளின் உச்சியிலிருந்து 1.25 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 1.25ஐ இங்கே வலது விளிம்பிலிருந்து விட வேண்டும். 29.7இல் 1.25 போனால் 28.45. பெட்டியின் அகலம் 1 போனால் 27.45. பெட்டியின் இடத்தைக் குறிக்கும் 'லேஅவுட்' சாளரத்தில் கிடைமட்ட இடம் 27.45 செ.மீ., அதுவும் 'பேஜ்' என்பதிலிருந்து. செங்குத்து இடம் 3.81 செ.மீ., அதுவும் 'பேஜ்' என்பதிலிருந்து. அட்டவணை 27.16இல் முடிந்துவிடுவதால் இரண்டும் இடிக்காது. 'பேஜ்' என்று கொடுக்காமல் 'காலம்' (Column) அல்லது 'பேராகிராஃப்' என்று விட்டுவிட்டால் பெட்டி வேறெங்கோ போய் நிற்கும்.

பக்க எண்ணுக்கு இதேபோல் ஒரு பெட்டி இடது ஓரத்தில். கிடைமட்ட இடம் 1.25 செ.மீ., மற்றதெல்லாம் அதே அளவு. எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். பெட்டிக்குள் கர்சரை வைத்து ஆல்ட், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தானாக மாறும் பக்க எண் வரும். பிறகு நடுவில் அமையும்படி சென்டர் கொடுங்கள். இந்தப் பெட்டியும் ஹெடருக்குள்ளேயே நங்கூரமிட்டிருக்கலாம், தவறில்லை. ஃபூட்டரில் ஏற்கெனவே உள்ள எண்ணை அழிக்க மறந்துவிட்டால் மட்டும் ஒரே பக்கத்தில் இரண்டு எண் வரும்.

தமிழில் அறிக்கை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் போகும் எழுத்து ஹெடர் ஸ்டைலை எடுக்காது, நார்மல் ஸ்டைலைத்தான் எடுக்கும். நம் ஊர் டிடிபி சென்டர்களில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுக்கிறார்கள். அப்படி அடித்த தலைப்பைப் பெட்டிக்குள் புதிதாக அடித்தால், எழுத்துருவை மாற்றும் வரை அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் நிற்கும். யூனிகோடில் அடித்திருந்தால் எழுத்து உடையாது, ஆனால் அளவும் எழுத்துருவும் மாறியிருக்கலாம். பெட்டிக்குள் உள்ள பத்திக்கு 'ஹெடர்' ஸ்டைலைக் கொடுத்துவிட்டால் மற்ற பக்கங்களோடு ஒத்துப்போகும். புதிதாக அறிக்கை தொடங்குபவர்கள் தயவுசெய்து யூனிகோடிலேயே தொடங்குங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எதுவுமே படிக்க வராது.

எண் காணாமல் போவதும் ஒன்றிலிருந்து தொடங்குவதும்

எல்லாம் செய்த பிறகும் அட்டவணையின் முதல் பக்கத்தில் மட்டும் தலைப்பும் எண்ணும் வராமல், அடுத்த பக்கத்தில் வருகிறதா? 'டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்ற குறியைப் பாருங்கள். அறிக்கையின் முகப்பில் எண் வேண்டாம் என்று தொடக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பிரேக் போடும்போது புதிய செக்‌ஷனும் அந்தக் குறியைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். லேண்ட்ஸ்கேப் செக்‌ஷனுக்குள் நின்று எடுத்துவிடுங்கள். அடுத்து வரும் நெட்டுச் செக்‌ஷனிலும் எடுங்கள். எண் 1இலிருந்து தொடங்கினால் 'ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்' போய் 'கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்' கொடுத்தால் போதும்.

லிப்ரே ஆபீஸில்

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இந்தப் பாதை வேறு, எனக்கு அது இன்னும் தெளிவானதாகவே படுகிறது. அங்கே பக்கத்தின் திசை, ஹெடர், ஃபூட்டர் எல்லாம் பேஜ் ஸ்டைலுக்குச் சொந்தம். 'லேண்ட்ஸ்கேப்' என்ற பேஜ் ஸ்டைல் தயாராகவே இருக்கிறது. இன்சர்ட், மோர் பிரேக்ஸ், மேனுவல் பிரேக் என்று போய், பேஜ் பிரேக்கோடு ஸ்டைலாக லேண்ட்ஸ்கேப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டவணை முடிந்ததும் இன்னொரு பிரேக் போட்டுப் பழைய ஸ்டைலுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஸ்டைலின் ஹெடரும் தனி என்பதால் லிங்கை அணைக்கும் தலைவலி இல்லை. ஹெடரை அந்த ஸ்டைலில் ஆன் செய்து எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது லேண்ட்ஸ்கேப் அட்டவணைக்கும் அதே ஸ்டைலைக் கொடுத்தால் அதே ஹெடர் தானாக வந்துவிடும். காப்பி செய்து ஒட்ட வேண்டியதில்லை.

சாய்ப்பதற்கு அங்கே எழுத்தையே சுழற்றலாம். ஃபார்மேட், கேரக்டர், பொசிஷன் என்ற இடத்தில் 270 டிகிரி. வேர்டில் 90 என்றோமே என்று கேட்கலாம். ரைட்டர் எதிர்த்திசையில் கணக்கிடுகிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதான். அப்படிச் சுழற்றிய எழுத்தை ஒரு ஃப்ரேமுக்குள் வைத்து, ஹெடரில் நங்கூரமிட்டு, தாளின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். ரைட்டரில் செய்ததை வேர்டில் திறந்தாலோ வேர்டில் செய்ததை ரைட்டரில் திறந்தாலோ பெட்டிகள் நகரக்கூடும். ஒரே மென்பொருளில் தொடங்கி அதிலேயே முடியுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். எழுத்துருவும் பெட்டியின் இடமும் அதில் மாறாது. ஆக்கிய பிடிஎஃப்பைத் திறந்து, லேண்ட்ஸ்கேப் பக்கத்துக்குப் போய், பார்வையைக் கடிகார எதிர்த்திசையில் ஒரு முறை சுழற்றுங்கள். இப்போது அந்தப் பக்கம் நெட்டாக நிற்கும். தலைப்பு உச்சியிலும் எண் அடியிலும் நேராகத் தெரிந்தால் சரி. முந்தைய பக்கத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கிறீர்கள் என்றால் லேண்ட்ஸ்கேப் அட்டவணை ஒற்றைப்படைப் பக்கத்தில் வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இரட்டைப்படைப் பக்கத்தில் தையல் வலப்பக்கம் இருக்கும். அங்கே தாளின் கீழ் விளிம்புதான் தையலை ஒட்டும். பெரிய ஓரமும் மேலிருந்து கீழே போக வேண்டும். பிரேக் போடும்போது நெக்ஸ்ட் பேஜுக்குப் பதில் 'ஆட் பேஜ்' என்று கொடுத்தால் வேர்டே அட்டவணையை ஒற்றைப்படைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். முந்தைய பக்கம் வெறுமையாக விழக்கூடும், அதனால் பாதகமில்லை.

பிரதிகளை அடுக்கிக் கொடுக்கும்போது குறுக்குத் தாள்களை நீங்களே திருப்பி, அட்டவணையின் மேல் விளிம்பு தையல் பக்கம் வரும்படி வைத்துக் கொடுங்கள். பைண்டர் ஒரே நேரத்தில் பத்துப் பேரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'அண்ணே, இந்த மேட்டூர் டேபிளோட தலைப் பக்கம் தையலுக்கு வரணும்' என்று ஒரு வார்த்தை சொல்லி, அந்தத் தாள்களில் ஒரு துண்டுச் சீட்டு செருகிவிடுங்கள். ஸ்பைரலோ கேலிகோவோ, துளை போட்டபின் தாளைத் திருப்ப முடியாது.